வீட்டில் பிரஷர் பார்த்த பதினாறு வாரங்கள்

கர்ப்பத்தின் 26ஆம் வாரச் செக்கப்பில் நர்ஸ் என் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கழற்றினார். கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு இன்னொரு தடவை பார்த்தார். முதலில் 146/92, பிறகு 138/88. யூரினில் புரோட்டீன் இல்லை. ஸ்கேனில் குழந்தை வளர்ச்சியும் சரியாக இருந்தது. டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு மாத்திரை வேண்டாம். வீட்ல தினமும் ரெண்டு வேளை பிரஷர் பார்த்து எழுதி வைங்க. அடுத்த வாரம் நோட்டைக் கொண்டு வாங்க" என்றார்.

வெளியே வரும்போது அது ரொம்பச் சின்ன வேலையாகத்தான் தெரிந்தது. கையில் மாட்ட வேண்டும், பட்டனை அழுத்த வேண்டும், வருகிற எண்ணை எழுத வேண்டும், அவ்வளவுதானே. குழந்தை பிறந்து ஆறு வாரம் முடியும்வரை, மொத்தம் பதினாறு வாரம் அந்த மெஷினோடு இருந்தேன். முதல் மூன்று வாரம் நான் எழுதிய எண்களில் பாதி தவறானவை. உங்களுக்கும் டாக்டர் இதே வேலையைக் கொடுத்திருந்தால் அந்த மூன்று வாரத்தை நீங்கள் வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எதற்காகப் பார்க்கச் சொல்கிறார்கள் என்பது புரிந்தால் பார்க்கும் விதமே மாறிவிடும். எனக்கு அது தாமதமாகத்தான் புரிந்தது. கர்ப்பத்தின் நடு மாதங்களில் ரத்தக் குழாய்கள் தளர்ந்து கொடுப்பதால் பிரஷர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறங்கும். கடைசி மூன்று மாதத்தில் மெல்ல ஏறிப் பழைய நிலைக்கு வரும். அந்த ஏற்றம் இயல்பு. 20 வாரத்துக்குப் பிறகு 140/90ஐத் தொட்டால்தான் அதைக் கர்ப்ப கால உயர் ரத்த அழுத்தம் என்கிறார்கள். அதோடு சிறுநீரில் புரோட்டீன் போனாலோ, கல்லீரல், சிறுநீரகம், ரத்தத் தட்டணுக்கள் என்று ஏதாவது ஒன்று பாதிக்கப்பட்டாலோ அது ப்ரீஎக்ளாம்ப்சியா. ஆரம்ப வாரங்களில் கருப்பைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் நன்றாக விரிந்து கொடுக்க வேண்டும். சிலருக்கு அது சரியாக நடப்பதில்லை. ரத்தம் போதாமல் தவிக்கும் நஞ்சுக்கொடி சில பொருள்களைத் தாயின் ரத்தத்தில் கலக்கவிடுகிறது, அவை உடம்பு முழுக்க ரத்தக் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருப்பதால், குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்தால்தான் அது அடங்கும். மாத்திரை பிரஷரைப் பிடித்து வைத்து நாள் வாங்கித் தரும்.

இதில் என்னைப் பயமுறுத்தியது, 150 போனாலும் உடம்புக்கு ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம் என்பதுதான். தெரியாது என்பதால்தான் அளக்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் மாமனாருடைய மெஷின் இருந்தது. அதையே எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு வாரம் கழித்து நோட்டோடு போனபோது எண்கள் 140க்கும் 148க்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தன. டாக்டர் நெற்றியைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, மறுநாள் மெஷினைக் கையோடு எடுத்துவரச் சொன்னார். மறுநாள் நர்ஸ் ஒரு அறைக்குள் கூட்டிப்போய், "வீட்டுல எப்படிப் பார்ப்பீங்களோ அப்படியே பாருங்கம்மா. நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றார்.

நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். கால் தரையில் படவில்லை. சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டுப் பட்டையைச் சுற்றினேன். கையை மடியில் வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினேன். காற்று ஏறிக்கொண்டிருக்கும்போதே, "காலையிலதான் சிஸ்டர் கொஞ்சம் கூடுதலா வருது" என்று சொல்லவும் செய்தேன். 144/91.

அவர் திட்டவில்லை. முதலில் பாத்ரூம் போய்விட்டு வரச் சொன்னார். முதுகு சாய்கிற நாற்காலியில் உட்காரவைத்தார். இரண்டு பாதமும் தட்டையாகப் படும்படி ஒரு சின்ன முக்காலியை நகர்த்திவைத்தார். கால்மேல் கால் போடக் கூடாது என்றார். சுருட்டிய சட்டைக் கை மேற்கையை இறுக்கிக்கொண்டிருந்தது, அதை முழுசாகக் கழற்றச் சொன்னார். மேசைமேல் ஒரு தலையணையை வைத்து, பட்டை இருக்கும் இடம் நெஞ்சுக்கு நேராக வரும்படி கையை அதன்மேல் தளரப் போடச் சொன்னார். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே. "இப்போ அஞ்சு நிமிஷம் பேசாம உட்காருங்க. போனும் வேண்டாம்." அந்த ஐந்து நிமிடமும் அவரும் பேசவில்லை. பிறகு அதே மெஷின், அதே கை: 132/84.

அப்புறம் சட்டைப்பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்துத் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றளவைப் பார்த்தார். 34 செ.மீ. என் பட்டையில் ஓரமாகப் பொடி எழுத்தில் 22–32 செ.மீ. என்று அச்சிட்டிருந்தது. மாமனாருக்கு அது சரி. எனக்குச் சின்னது. பட்டை சின்னதாக இருந்தால் பிரஷர் கூடுதலாகக் காட்டும், பெரிதாகத் தொளதொளவென்று இருந்தால் குறைத்துக் காட்டும். அவர்களுடைய பெரிய பட்டையைப் போட்டுப் பார்த்ததில் 127/80.

உட்கார்ந்த விதத்தில் 12 புள்ளி, பட்டையில் 5. இந்த 17 புள்ளியை வைத்துக்கொண்டுதான் ஒரு வாரமாக ராத்திரி தூக்கமில்லாமல் கிடந்தேன்.

கை நெஞ்சு மட்டத்துக்குக் கீழே 10 செ.மீ. தொங்கினாலே ஏறக்குறைய 8 புள்ளி கூடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அது அந்த உயரத்துக்கான ரத்தத்தின் எடை, வேறொன்றும் இல்லை. பேச்சு, நிரம்பிய மூத்திரப்பை, இப்போதுதான் மாடிப்படி ஏறிவந்தது, அரை மணிக்குள் குடித்த காபி, எல்லாமே ஏற்றிக் காட்டும். ஆனால் இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது, அதுதான் இன்னும் ஆபத்தானது. இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, மேலே இருக்கிற வலது கையில் பார்த்தால் எண் குறைந்து வரும். பட்டை நெஞ்சு மட்டத்துக்கு மேலே போய்விடுவதால் வருகிற பொய்யான குறைவு அது. "படுத்துப் பார்த்தேன், நன்றாகக் குறைந்துவிட்டது" என்று நானே நோட்டில் இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன். நர்ஸ் அந்த இரண்டையும் பேனாவால் அடித்தார்.

மெஷினைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் வீட்டில் வைத்திருக்கும் மெஷின் பிரஷரை நேரடியாக அளப்பதில்லை. காற்று இறங்கும்போது பட்டையில் ஏற்படும் சின்னச் சின்ன அதிர்வுகளைப் பிடித்து, தனக்குள் இருக்கும் கணக்கை வைத்து மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் சொல்கிறது. கர்ப்பத்தில், அதிலும் ப்ரீஎக்ளாம்ப்சியாவில், ரத்தக் குழாயின் தன்மையே மாறிவிடுவதால் சில மெஷின்கள் உண்மையைவிடக் குறைத்துக் காட்டுகின்றன. அதனால் கர்ப்பிணிகளிடம் தனியாகச் சோதித்துத் தேறிய மாடலாகப் பார்த்து வாங்குவது நல்லது. ஸ்ட்ரைட் பிபி என்ற சர்வதேச அமைப்பு அப்படித் தேறிய மாடல்களின் பட்டியலை வைத்திருக்கிறது, கர்ப்பிணிகளுக்கென்று தனிப் பிரிவும் உண்டு. மாமனாருடையது அதில் இல்லை. பட்டியலில் இருந்த ஒன்றைப் பெரிய பட்டையோடு வாங்கினோம். மணிக்கட்டில் கட்டுகிற வகை வேண்டவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்மார்ட் வாட்ச் காட்டுவதையும் கணக்கில் எடுக்கவில்லை.

புது மெஷினையும் ஒருமுறை கிளினிக்குக்குக் கொண்டுபோய், அவர்கள் மெஷினோடு மாற்றி மாற்றிப் பார்த்து வித்தியாசம் 3, 4 புள்ளிதான் என்று உறுதி செய்துகொண்டோம். முதல் நாள் இரண்டு கையிலும் பார்த்தார்கள். வலது கையில் கொஞ்சம் கூடுதல். அதனால் கடைசிவரை வலது கைதான்.

இவ்வளவும் சரியானபிறகும் நான் இன்னொரு தப்பு செய்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட முடியாது. 28ஆம் வாரத்தில் ஒரு ராத்திரி 138/87 வந்தது. மனசு கேட்காமல் மறுபடி பார்த்தேன், 141. மறுபடி, 143. பட்டை இறுகும்போதெல்லாம் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கணவர் தூங்கிவிட்டார். எழுப்பவும் மனசில்லை. பதினோரு தடவை பார்த்திருக்கிறேன். கடைசியில் 133/84 வந்ததும் அதை மட்டும் நோட்டில் எழுதிவிட்டுப் படுத்தேன். அன்றைக்கு மட்டும் இல்லை. அதற்கு முன்பும் பல நாள், இரண்டு மூன்று எண்களில் குறைந்ததைத்தான் எழுதியிருந்தேன்.

டாக்டர் மெஷினின் மெமரியை ஓட்டிப் பார்த்தபோது அது வெளியே வந்துவிட்டது. நோட்டில் ஒன்று, மெஷினில் வரிசையாகப் பதினொன்று. அவர் கோபப்படவில்லை, நிதானமாகத்தான் சொன்னார்: "நீங்க எனக்கு நல்ல எண்ணைக் காட்டணும்னு நினைக்கிறீங்க. எனக்கு நல்ல எண் வேண்டாம்மா, வந்த எண் வேணும். அதை வெச்சுத்தான் மாத்திரை வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்றேன்."

அன்றிலிருந்து ஒரே முறைதான். காலையில் எழுந்து, பாத்ரூம் போய்விட்டு, எதுவும் சாப்பிடுவதற்கு முன். சாயங்காலம் அதே நேரத்தில் இன்னொரு தடவை. ஒவ்வொரு வேளையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு அளவு, இரண்டையும் அப்படியே எழுத வேண்டும். பிறகு மெஷினைப் பெட்டியில் போட்டு அலமாரியில் வைத்துவிட வேண்டும். முதல் அளவு பெரும்பாலும் இரண்டாவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வரும், அது எல்லோருக்கும் வருவதுதான். படுக்கைக்குப் பக்கத்திலிருந்து மெஷினை வேறு அறைக்கு மாற்றியதே எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

மெமரி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. ஒருநாள் அத்தை தலைசுற்றுகிறது என்று என் மெஷினில் பார்த்திருக்கிறார். அடுத்த செக்கப்பில் என் கணக்கில் ஒரு 168/94 நின்றது. டாக்டர் பதறிப்போனார். பல மெஷின்களில் இரண்டு பேருக்குத் தனித்தனிப் பட்டன் இருக்கும். வீட்டில் மற்றவர்களும் பார்ப்பார்கள் என்றால் முதல் நாளே அதைப் பிரித்துவிடுங்கள். தேதியும் நேரமும் சரியாக வைத்துவிடுங்கள்.

இதற்கு நடுவில் நான் நிறையப் படித்தேன். இங்கிலாந்தில் 2,400க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்து நடந்த பம்ப் (BUMP) என்ற ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. ப்ரீஎக்ளாம்ப்சியா வரும் வாய்ப்பு கூடுதலாக உள்ள பெண்களில் ஒரு பகுதியினரை வீட்டிலும் பிரஷர் பார்க்கச் சொன்னார்கள், மற்றவர்களுக்கு வழக்கமான செக்கப் மட்டும். வீட்டில் பார்த்தவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் முன்கூட்டியே கண்டுபிடிக்கப்படும் என்று எதிர்பார்த்தார்கள், அப்படி நடக்கவில்லை. கெடுதலும் ஒன்றும் வரவில்லை. படித்த அன்றைக்கு எனக்குச் சோர்வாக இருந்தது. பிறகு யோசித்தேன். மெஷின் வாங்கி வைத்துவிட்டதாலேயே நான் பத்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது சரியில்லை. செக்கப்புக்குப் போகாமல் இருக்கவும் அது காரணமாகக் கூடாது. எண் வந்ததும் அதை வைத்து யார் என்ன செய்யப்போகிறோம்? அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்த செக்கப்பில் அதைத்தான் கேட்டேன். "எத்தனை வந்தால் நான் என்ன செய்யணும் டாக்டர்? எழுதிக் கொடுத்துடுங்க." இந்தப் பதினாறு வாரத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் எது என்று கேட்டால் இந்தக் கேள்வியைத்தான் சொல்வேன். அவர் ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். வீட்டு அளவு 135/85க்குக் கீழே இருந்தால் வழக்கம்போல. வீட்டில் 135/85 என்பது கிளினிக்கில் 140/90க்குச் சமம் என்று கணக்கு வைப்பார்களாம். 135/85இலிருந்து 139/89 வரை மூன்று நாள் தொடர்ந்து வந்தால் தகவல் சொல்ல வேண்டும். 140/90 தொட்டால், ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, அப்போதும் அப்படியே இருந்தால் அன்றைக்கே போன். 155/105 என்றால் நேராக ஆஸ்பத்திரி. மேல் எண், கீழ் எண் இரண்டில் எது தாண்டினாலும் தாண்டியதுதான். கடைசி வரியை அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார்: தீராத தலைவலி, கண்ணில் மின்னல் அல்லது மங்கல், வலது விலா எலும்புக்குக் கீழே வலி, வாந்தி, மூச்சுத் திணறல், திடீரென்று முகமும் கையும் வீங்குவது, குழந்தை அசைவு குறைவது — இதில் ஒன்று இருந்தாலும் எண் எதுவானாலும் வர வேண்டும்.

இது எனக்கு எழுதியது. உங்கள் டாக்டர் உங்கள் உடம்பைப் பார்த்து வேறு எண் சொல்லலாம், அவர் கையால் எழுதி வாங்குங்கள். கீழே பிரசவ வார்டின் நம்பரையும், ராத்திரியில் எந்த வாசல் திறந்திருக்கும் என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டோம். அந்தச் சீட்டை அலமாரிக் கதவின் உட்புறம், மெஷின் பெட்டிக்கு நேரே ஒட்டினேன்.

நோட்டிலும் ஒரு மாற்றம் செய்தேன். தேதி, நேரம், இரண்டு அளவு, நாடித்துடிப்பு என்று இருந்த கட்டங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்பதை ஒரு வரியில் எழுதினேன். பல நாள் 'நன்றாக இருக்கிறது' என்பதோடு முடிந்துவிடும். 33ஆம் வாரத்திலிருந்து அந்தக் கட்டம் பேச ஆரம்பித்தது. 'மோதிரம் கழற்ற முடியவில்லை, சோப்புப் போட்டுக் கழற்றினேன்.' 'காலையில் முகம் உப்பலாக இருப்பதாக அவர் சொன்னார்.' 'தலை கனமாக இருக்கிறது, மதியம் சரியானது.' அதே வாரங்களில் எண்கள் 126, 129, 131, 134 என்று படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டிருந்தன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சரியான அளவுதான். கால் வீக்கம் கர்ப்பத்தில் சாதாரணம் என்று எல்லோரும் சொல்வார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் ஒரே பக்கத்தில் இரண்டு வரிசையும் சேர்ந்து ஏறுவதைப் பார்த்தபோது எனக்கே விஷயம் புரிந்தது.

34ஆம் வாரக் கடைசியில் 142/91, ஐந்து நிமிடம் கழித்து 141/92. சீட்டில் எழுதியபடி போன் செய்தேன். போனை எடுத்தவரிடம் எண், எத்தனை வாரம், தலைவலி இருக்கிறதா இல்லையா என்று நோட்டைப் பார்த்துப் படித்தேன். வரச் சொன்னார்கள். யூரினில் புரோட்டீன் வந்திருந்தது. ரத்தப் பரிசோதனை மற்றபடி சரியாக இருந்தது. பிரஷரைக் குறைக்கும் லாபெட்டலால் மாத்திரை ஆரம்பித்தார்கள், வாரம் இரண்டு தடவை ரத்தம் பார்க்கவும் சொன்னார்கள். நாள் முழுக்கப் படுத்தே கிடக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டேன். தேவையில்லை, படுக்கையிலேயே இருப்பதால் இந்த நோய் குறையாது என்றார். அதன் பிறகு காலை அளவை மாத்திரை போடுவதற்கு முன் எடுத்தேன். எண் கூடினாலும் குறைந்தாலும் மாத்திரையின் அளவை நானாக மாற்றவில்லை.

36 வாரம் முடிந்து மூன்றாம் நாள் ராத்திரி. சாப்பிட்டதும் வயிற்றின் மேல்பகுதியில், வலப்பக்கமாக, உள்ளேயிருந்து யாரோ முஷ்டியால் அழுத்துகிற மாதிரி வலி. நெஞ்செரிச்சல் எனக்கு ஏழாம் மாதத்திலிருந்தே உண்டு, அதுதான் என்று நினைத்தேன். பிரஷர் பார்த்தேன். 152/100. ஐந்து நிமிடம் கழித்து 151/99. சீட்டில் 155/105க்குத்தான் நேராக வரச் சொல்லியிருக்கிறார், நாளைக்குக் காலையில் எப்படியும் ரத்தம் கொடுக்கப் போகிறோமே, அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கணவர் அலமாரிக் கதவைத் திறந்து சீட்டின் கடைசி வரியைச் சத்தமாகப் படித்தார். "வலது விலா எலும்புக்குக் கீழே வலி. எண் எதுவானாலும். கிளம்பும்மா."

ஆஸ்பத்திரியில் 164/108. இரண்டாம் தடவையும் அதேபோல. 160/110 அளவுக்குப் போனால் மூளையில் ரத்தக்கசிவு வரும் அபாயம் உண்டு என்பதால் அதை உடனே இறக்க வேண்டும், காத்திருக்கக் கூடாது. ரத்தத் தட்டணுக்கள் குறைந்தபட்சம் ஒன்றரை லட்சம் இருக்க வேண்டும், எனக்கு 92,000. கல்லீரல் என்சைம் ஏறியிருந்தது. நெஞ்செரிச்சல் என்று நான் நினைத்தது வீங்கிய கல்லீரலின் வலி. வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் சல்பேட் ஏற்றினார்கள். ஊசி ஏற ஏற உடம்பெல்லாம் உள்ளிருந்து காய்ச்சுவதுபோல ஒரு சூடு பரவும், அது அந்த மருந்தின் இயல்பு என்று முன்னமே சொல்லிவிட்டதால் பயப்படவில்லை. வலி வரவழைத்து, 36 வாரம் 5 நாளில் பெண் குழந்தை பிறந்தாள். 2.3 கிலோ. அழுதாள். இரண்டாம் நாளே பால் குடித்தாள்.

அந்த ராத்திரி கிளம்பாமல் இருந்திருந்தால் என்று யோசிப்பதை நான் இப்போது நிறுத்திக்கொண்டேன்.

குழந்தை பிறந்ததும் மெஷினை எல்லோரும் மறந்துவிடுவார்கள். நஞ்சுக்கொடி வெளியே வந்தாயிற்று, இனி என்ன என்று தோன்றும். ஆனால் பிரசவத்துக்குப் பிறகு மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரைதான் பிரஷர் உச்சத்துக்குப் போவது வழக்கம். கர்ப்பத்தில் உடம்பில் சேர்ந்த நீர் திரும்ப ரத்தத்துக்குள் வருவது அதற்கு ஒரு காரணம். கர்ப்பம் முழுக்கப் பிரஷரே இல்லாதவர்களுக்குக்கூடப் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரத்துக்குள் ப்ரீஎக்ளாம்ப்சியா வரலாம். அந்த நாட்களில்தான் பெரும்பாலானவர்கள் வீட்டுக்கு வந்திருப்பார்கள். தூக்கம் இருக்காது. தலைவலி வந்தால் தூக்கமின்மைமேல் பழியைப் போட்டுவிடுவோம்.

நானும் அப்படித்தான் செய்தேன். நாலாம் நாள் 136/86இல் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறாம் நாள் காலை பின்மண்டையில் விண்விண்ணென்று தெறித்தது. மெஷின் இன்னும் ஆஸ்பத்திரிப் பையிலேயே இருந்தது. அத்தைதான், "நீ பார்த்தியாம்மா?" என்று கேட்டு எடுத்துக்கொடுத்தார். குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு பார்த்தேன், 166/106. குழந்தையை அத்தையிடம் கொடுத்துவிட்டு முறையாக உட்கார்ந்து பார்த்தபோதும் 158/103. அரை மணியில் ஆஸ்பத்திரியில் இருந்தோம். பால் கொடுப்பவர்களுக்கு ஒத்துவரும் மாத்திரைகள் இருக்கின்றன, அதனால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியிருக்கவில்லை. பால் கொடுத்து முடித்ததும் குழந்தையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும் என்பதையும் அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

பிறகு ஐந்து வாரம் தினமும் அளவுகளைப் படம் பிடித்து டாக்டருக்கு அனுப்பினேன். அவர் அதைப் பார்த்து மாத்திரையைக் கூட்டினார், குறைத்தார், நிறுத்தினார். 2023இல் வந்த ஒரு ஆய்வும் ஏறக்குறைய இதைத்தான் செய்து பார்த்தது. ஆக்ஸ்போர்டில், கர்ப்பத்தில் பிரஷர் வந்து பிரசவமான 220 பெண்களில் ஒரு பாதியினர் வீட்டில் தினமும் அளந்து அனுப்ப, அதைப் பார்த்து மருத்துவர்கள் மாத்திரையின் அளவைச் சரிசெய்தார்கள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவர்களுடைய கீழ் எண் மற்றவர்களைவிடச் சராசரியாக 5 புள்ளிக்கு மேல் குறைவாக இருந்தது, அப்போது பெரும்பாலோர் மாத்திரையை நிறுத்தி மாதங்கள் ஆகியிருந்தபோதும். கர்ப்பத்தின்போது படித்துச் சோர்ந்துபோன எனக்கு இது தெம்பாக இருந்தது. அளப்பவர் ஒருவர், அந்த அளவைப் பார்த்து முடிவெடுப்பவர் ஒருவர் என்று இரண்டு முனையும் இருந்தபோது பலன் வந்திருக்கிறது.

ஆறாம் வாரச் செக்கப்பில் மாத்திரை இல்லாமலே 122/78. டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். ப்ரீஎக்ளாம்ப்சியா வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதனால் வருஷத்துக்கு ஒருமுறையாவது பிரஷர் பார்க்க வேண்டும். அடுத்த கர்ப்பம் என்றால் உறுதியானதுமே வந்துவிட வேண்டும், இது மறுபடி வரும் வாய்ப்பைக் குறைக்க 12ஆம் வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பார். அதை 16 வாரத்துக்கு முன்பே ஆரம்பித்தால்தான் நல்ல பலன். இந்தத் தடவை நான் 26ஆம் வாரத்தில் அதைக் கேட்டபோது நேரம் கடந்துவிட்டிருந்தது.

இப்போது என் தங்கைக்கு ஐந்தாம் மாதம். அக்காவுக்கு இது வந்திருக்கிறது என்று சொன்னதும் அவளுடைய டாக்டரும் வீட்டில் பார்க்கச் சொல்லிவிட்டார், கூடப் பிறந்தவளுக்கு வந்திருந்தால் இவளுக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். போன வாரம் மெஷினை வாங்கிப்போக வந்திருந்தாள். உட்கார வைத்து, சட்டைக் கையை விலக்கி, முதல் வேலையாக இஞ்ச் டேப்பைச் சுற்றினேன். 29 செ.மீ. மெஷினோடு வந்து இத்தனை நாளும் பிரிக்காமலே கிடந்த நடுத்தரப் பட்டையை எடுத்து மாட்டினேன். "அக்கா, இது..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பேசாதே என்று கையைக் காட்டிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.